நண்டூரில் யாரும் சாவதில்லை

பதினான்காம் அத்தியாயம்

“அந்தா பஸ்! விடுங்கோ நானா, இன்னும் விடுங்கோ!”

ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி பூரணி பாதி உடலை வெளியே நீட்டியிருந்தாள். எதிரே வந்த தண்ணீர் பவுசர் வண்டி அவளுடைய முழங்கையை ஒரு சாண் இடைவெளியில் தவறவிட்டது.

“உள்ளுக்கு இருங்க தங்கச்சி,” என்றார் ஓட்டுநர் கலீலுர் றஹ்மான். “பஸ்ஸைப் பிடிச்சுத் தரலாம். கை போனா அதை நான் எங்க போய்ப் பிடிக்கிற?”

“அது பஸ்ஸும் இல்லை, மச்சாள்,” என்றாள் பக்கத்தில் இருந்த இரத்தினேஸ்வரி. “நெல்லு லொறி.”

பூரணி உடலை உள்ளே இழுத்துக்கொண்டாள். லொறியை முந்தியபோது முன்னால் வெறும் கண்டி வீதிதான் கிடந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

நடந்தது இதுதான். காலை ஏழே முக்காலுக்குத் திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ்ஸில் ஒரு பார்சல் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் முந்நூற்றிருபது பென்சில் படங்கள். எல்லாம் பூரணி வரைந்தவை. பார்சலைக் கொண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பி அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, இரத்தினேஸ்வரி குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் விளக்குமாறு. முகத்தில் இரத்தமே இல்லை.

“மச்சாள், தாள் மாறிப்போச்சு.”

“என்ன தாள்?”

“மேசைக்குக் கீழ நீங்கள் கழிச்சுப்போட்ட படம் ஒண்டு கிடந்தது. திருப்பிப் பார்த்தன். பின்பக்கம் வெறும் படிவம் இல்லை. நிரப்பிக் கிடக்கு. எந்தத் தாங்கி, எத்தனை அடி எண்ணெய், எல்லாம். போன மாசத்துத் திகதி.”

“எங்க அந்தத் தாள்?”

“கண்டவுடன அடுப்புக்குள்ள வைச்சிட்டன்.”

பூரணியின் கணவன் சிவகுரு சீனன்குடா எண்ணெய்க் குதத்தில், பெரும் தாங்கிகள் நிற்கும் கிடங்கில், எழுதுவினைஞன். அங்கே நாள்தோறும் ஒவ்வொரு தாங்கியின் மேலும் ஆள் ஏறி, நாடாவை இறக்கி, எண்ணெயின் ஆழத்தை அளந்து படிவத்தில் எழுதுவார்கள். படிவம் புதிதாக அச்சடிக்கப்பட்டபோது மிஞ்சிப்போன பழைய வெற்றுப் படிவங்களைச் சிவகுரு மேலதிகாரியிடம் கடிதம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். பூரணியின் வேலை தாள் தின்னும் வேலை. எவ்வளவு கொடுத்தாலும் போதாது. அவனுடைய தங்கை இரத்தினேஸ்வரி அந்தப் படிவங்களை ஒரே அளவில் வெட்டி, மேலே இரண்டு துளை போட்டு அடுக்கிக் கொடுப்பாள். பூரணி அவற்றின் வெறும் பக்கத்தில் வரைவாள். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தாளை வைத்தால் பின்பக்கத்து அச்சுக் கோடுகள் ஊடாகத் தெரியும். அது பழகிப்போன விஷயம். கோடுகளுக்கு நடுவே எண்களும் தெரிந்ததை அவள் கவனிக்கவில்லை.

வெற்றுப் படிவம் வெறும் குப்பை. நிரப்பிய படிவம் அப்படியல்ல. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆனி மாதத்தில், எந்தத் தாங்கியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று எழுதிய தாள் ஒரு தமிழ் வீட்டிலிருந்து புறப்பட்டு, சோதனைச் சாவடியில் பிடிபட்டால், எழுதிய ஆளைத் தேடி வருவார்கள். கூட்டிக்கொண்டு போவார்கள். திரும்பக் கொண்டுவந்து விடுவது பற்றி எந்தப் படிவமும் கிடையாது.

அதுவும் முன்பக்கத்தில் இருந்த படம் என்ன? எண்ணெய்த் தாங்கி ஒன்று வெடித்துச் சிதறும் படம்.

“நண்டூர்” என்பது கொழும்பிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்காகத் தயாரிக்கும் கார்ட்டூன் தொடர். நண்டுகள் குடியிருக்கும் ஒரு துறைமுகப் பட்டினம். அத்தியாயத்துக்கு ஒரு பேரழிவு. முதலாவதில் சூறாவளி வந்து தொள்ளாயிரம் கூரைகளைக் கொண்டுபோனது. இரண்டாவதில் கடல் உள்ளே வந்தது. அந்த அலையை வரையப் பூரணிக்கு மாதிரி எதுவும் தேவைப்படவில்லை. மூன்றாவதில் குளக்கட்டு உடைந்தது. நான்கில் மழை பொய்த்தது. ஐந்தில் மலை சரிந்து சந்தையை மூடியது. மூடி வரையப் பூரணிக்கு மூன்று நாளும், நண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப் பதினொரு நாளும் பிடித்தன.

கொழும்பிலிருந்து வந்த விதிகள் இரண்டு. நண்டூரில் யாரும் சாகக் கூடாது. அழிவு இயற்கையால்தான் வர வேண்டும். அதாவது துவக்கோ, குண்டோ, சீருடையோ படத்தில் தலைகாட்டக் கூடாது. ஆகவே ஆறாம் அத்தியாயத்தில், நண்டூர் எண்ணெய்த் தாங்கியின் மேல் மின்னல் விழுந்தது.

வழக்கமாக இந்த முதற் படங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். நல்ல தாளில் எடுத்த பிரதிதான் கொழும்புக்குப் போகும். இந்த முறை, நிதி தரும் வெளிநாட்டுக்காரர் நாளைக்கு வருகிறார்களாம், கையால் போட்ட முதற் படங்களையே பார்க்க வேண்டுமாம். அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியாகிவிட்டது.

“நானா, உங்கட ஃபோனுக்கு இப்பவாவது சிக்னல் இருக்கா?” என்று கேட்டாள் பூரணி.

“இல்ல தங்கச்சி. ஹாபருக்குக் கப்பல் வாற நாள், சிக்னலை நிப்பாட்டிருவாங்க. பின்னேரம் வரைக்கும் ஒண்டும் இழுக்காது.”

சீனன்குடாச் சந்தியை ஓட்டோ கடந்தது. பூரணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கம்பிவேலிக்கு அப்பால் எங்கேயோ சிவகுரு இந்நேரம் கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

“உங்கட அண்ணனும் ஒரு மனிசன்,” என்றாள். “வெறும் படிவம் எண்டு சொல்லிக் கொண்டுவாறவர் ஒருக்காத் தட்டிப் பார்க்க மாட்டாரே?”

இரத்தினேஸ்வரி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“துளை போடேக்க நீங்களாவது பார்த்திருக்கலாம்.”

“படம் கீறேக்க நீங்கள் பார்த்திருக்கலாம்.”

“நான் நண்டைப் பார்ப்பனா, தாளிண்ட முதுகைப் பார்ப்பனா?”

“நான் இருபது இருபதாச் சேர்த்து வைச்சுக் குத்துறனான். ஒவ்வொண்டா முதுகு தடவ எனக்கு நேரம் இருக்கே?”

“ரெண்டு பேரும் சண்டையை வீட்ட போய்ப் பிடிங்க,” என்றார் கலீலுர் றஹ்மான். “பஸ் நிக்கிது.”

பஸ் நின்றுகொண்டிருந்தது. தம்பலகாமச் சந்திச் சாவடி.

அங்கே வழக்கம் இப்படி. பயணிகள் எல்லோரும் இறங்கி, தங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு, ஆண்கள் ஒரு வரிசையும் பெண்கள் ஒரு வரிசையுமாக நடந்து போக வேண்டும். வெறும் பஸ் பின்னால் ஊர்ந்து வரும். ஆளில்லாத பார்சலை மேசையில் வைத்துத் தாள் தாளாகப் பிரிப்பார்கள். ஆளுள்ள பார்சல் என்றால் ஆளின் முகத்தையும் பார்சலையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

கொண்டக்டர் பார்சலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசையை நோக்கிப் பாதி வழி போயிருந்தான்.

“தம்பி!” பூரணி ஓடினாள். “அது என்ர. நான் கொண்டு போறன்.”

“என்னக்கா, அனுப்பிப்போட்டுப் பின்னால வாறீங்கள்?”

“நம்பிக்கை இல்லாமத்தான்.”

“நல்லது,” என்று பார்சலை நீட்டினான். “எனக்கு ஒரு தலையிடி குறைஞ்சுது.”

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவின் பக்கம் திரும்பினாள். நான்கு எட்டுக்கூட வைக்கவில்லை.

“ஏய்! எங்க போறது?” வீதி ஓரத்தில் நின்ற சிப்பாய் துவக்கை அசைத்துக் காட்டினான். “லைன்ல வாங்க. லைன்.”

வரிசைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவரைத்தான் அவர்கள் முதலில் சோதிப்பார்கள். பூரணி பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இரத்தினேஸ்வரி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள். முன்னால் இருபது பேர்.

“எந்தப் படங்கள்?” என்றாள் பூரணி, உதடு அசையாமல். “கழிச்ச தாளில என்ன கிடந்தது?”

“மின்னல் விழுந்த உடன, தாங்கி மூடி கிளம்புறது.”

“நாற்பதாவது படம். அதை நான் பிறகு வேற தாளில திருப்பிக் கீறினனான். அப்ப அதுக்கு அடுத்ததுகள்.”

பார்சலின் ஓரத்தைக் கிழித்து, துளைகளை விரலால் எண்ணிக்கொண்டு போனாள். நாற்பத்தொன்று. திருப்பினாள். நீல மையில் எண்கள். நாற்பத்திரண்டு, எண்கள். நாற்பத்தொன்பது வரை இருந்தது. ஐம்பது வெறும் படிவம். அதற்குப் பிறகு எல்லாம் வெறுமை.

ஒன்பது தாள்கள். அவற்றை உருவி எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு எங்கே வைப்பது? மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் பொலிஸ் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள், சட்டைக்குள்ளும் கை விட்டாள். கீழே போட்டால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கிழித்தாலும் பார்ப்பார்கள்.

வரிசை ஓரமாக அசனா காக்கா கச்சான் விற்றுக்கொண்டு வந்தார். சாவடி வந்த நாளிலிருந்து அந்த வரிசைதான் அவருடைய சந்தை. கழுத்தில் மாட்டிய பெட்டி, பெட்டிக்குள் வறுத்த நிலக்கடலை, ஓரத்தில் கூம்புச் சரை சுற்றப் பழைய கொப்பித் தாள்கள்.

இரத்தினேஸ்வரி பூரணியின் கையிலிருந்து ஒன்பது தாள்களையும் பறித்தாள்.

“காக்கா, ஒன்பது சரை தாங்கோ. இந்தத் தாளில சுத்துங்கோ.”

“நம்மட தாள் இரிக்கே, புள்ள.”

“இது கனமான தாள். படமும் இருக்கு. படம் வெளியில வாற மாதிரி சுத்துங்கோ.”

“படம் உள்ளுக்க இருந்தா கச்சான் கசக்குமா?”

“காக்கா, படம் வெளியில.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுற்றத் தொடங்கினார். கை பழகிய கை. ஒன்பது சரையும் வரிசை மூன்று அடி நகர்வதற்குள் தயாராகிவிட்டது. இரத்தினேஸ்வரி ஒவ்வொன்றாக முன்னால் நின்றவர்களுக்கு நீட்டினாள்.

“பிடியுங்கோ அக்கா. நேர்த்தி. ஒன்பது பேருக்குக் குடுக்க வேணும்.”

“எந்தக் கோயிலுக்கு?”

“காளி கோயிலுக்கு.”

“காளி எப்ப தொடக்கம் கச்சான் கேட்டவ?” என்றாள் ஒரு கிழவி, வாங்கிக்கொண்டே.

“வடை சுட நேரமில்லை எண்டு சொன்னனான். சரி, கச்சானாவது குடு எண்டவ.”

வரிசை சிரித்தது. பூரணியால் சிரிக்க முடியவில்லை. தான் வரைந்தது எப்படி இருக்கிறது என்று அவள் அப்போதுதான் பார்த்தாள். முன்னால் நின்றவர்களின் கைகளில் ஒரு தாங்கி எரிந்துகொண்டிருந்தது. கடைசி ஆளின் சரையில் மூடி மட்டும் கிளம்பியிருந்தது. அந்த ஆளுக்கு முன்னால் நின்றவளின் சரையில் புகை. அடுத்ததில் தீ நாக்கு. ஆள் ஆளாக முன்னேற தீ பெருத்துக்கொண்டே போனது. எட்டுப் பேர் அதைக் கொறித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்பதாவது சரை ஒரு சின்னப் பெண்ணிடம் போனது. தங்கள் முறை வந்தபோது அவள் தாயின் இடுப்பிலிருந்து அதை மேசையின் பின்னால் நின்ற சிப்பாய்க்கு நீட்டினாள். அவன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வாங்கிக்கொண்டான்.

பூரணியின் முறை வந்தபோது அவன் கச்சானை மென்றுகொண்டிருந்தான்.

“மேக்க மொகக்த?” என்று பார்சலைக் காட்டினான். பிறகு தமிழில், “இது என்ன?”

“கார்ட்டூன். ரீவீக்கு. பிள்ளைகள் பார்க்கிறது.” தொண்டு நிறுவனத்தின் மூன்று மொழிக் கடிதத்தை நீட்டினாள். அதன் மேலே சிவகுரு வாங்கிய கடிதம்.

அவன் இரண்டையும் படித்தான். பார்சலைப் பிரித்தான். எரியும் துறைமுகத்தை ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் சரசரவென்று தட்டினான். நண்டுகள் ஓடின. மறுபடி தட்டினான். மறுபடி ஓடின. பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“யார் வச்சது நெருப்பு?”

“மின்னல்.”

“மின்னல்?” சிரித்தான். “நல்லது. மின்னல் நல்லது.”

நாலைந்து தாள்களைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். வெறும் கட்டங்கள். கடிதத்தை மறுபடி பார்த்துத் தலையாட்டினான். அவன் கையிலிருந்த சரை தீர்ந்துவிட்டது. கடைசிக் கச்சானை வாயில் போட்டுக்கொண்டு, தாளை விரித்தான்.

படம் மேலே இருந்தது. வானம் முட்டும் தீ. அதற்கு முன்னால், தன்னைவிடப் பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு குட்டி நண்டு.

“இது உங்களது?”

“ஓம்.” பொய் சொல்ல இடமே இல்லை. “பிழையாப் போன படம். சரைக்குக் குடுத்திட்டன்.”

“இந்தக் குட்டி சாகுமா?”

“இல்லை,” என்றாள் பூரணி. “நண்டூரில யாரும் சாகிறேல்லை. சட்டம்.”

அந்தச் சட்டம் அவனுக்குப் பிடித்திருந்தது. தாளில் ஒட்டியிருந்த கச்சான் தோலை ஊதினான். “என் மகளுக்கு நாலு வயது,” என்றான். தாளை நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டு, பொத்தானைப் பூட்டினான். “போங்க.”

சாவடிக்கு அப்பால் பஸ் காத்திருந்தது. பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரத்தினேஸ்வரி படியருகே நின்று ஒவ்வொருவரிடமும் கை நீட்டினாள்.

“தாளைத் தாங்கோ அக்கா. நேர்த்தித் தாள். கோயில்ல எரிக்க வேணும்.”

“கச்சானைக் கொட்டவா?”

“முந்தானையில கொட்டுங்கோ.”

எட்டுத் தாள்கள் திரும்பி வந்தன. பார்சல் ஒன்பது படம் குறைவாகக் கொண்டக்டரின் கைக்குப் போனது. பஸ் கந்தளாய்ப் பக்கம் கிளம்பியது. இரண்டு பெண்களும் வீதியோரத்து மருத மரத்தின் கீழ் நின்றார்கள். சாவடியைக் கடந்து வந்த கலீலுர் றஹ்மான் ஓட்டோவை நிழலில் விட்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

“முடிஞ்சுதா?”

“எட்டு இருக்கு,” என்றாள் இரத்தினேஸ்வரி. “ஒண்டு அவனிட்ட.”

“அவன் படத்தைத்தானே பார்த்தவன்,” என்றாள் பூரணி. “மகளுக்கு அனுப்பிப்போடுவான்.”

“படம் உள்ளுக்குப் போற மாதிரி மடிச்சவன். நம்பர் வெளியில.” இரத்தினேஸ்வரி எட்டுத் தாள்களையும் மறுபடி திருப்பிப் பார்த்தாள். “இதில ஒண்டிலும் கையெழுத்து இல்லை. ஒரு நாள் கணக்குக்கு ஒன்பது தாள். அளந்த ஆள் கடைசித் தாளிலதான் பேர் எழுதிக் கையெழுத்து வைக்கிறது.”

நாற்பத்தொன்பது. குட்டி நண்டு.

பூரணி கலீலுர் றஹ்மானின் பக்கம் திரும்பினாள். “அப்ப நேரம் இல்லை. பின்னேரம் சட்டையைக் கழட்டேக்க அவன் பார்ப்பான். நானா, சீனன்குடா வாசலுக்கு விடுங்கோ. அவரை வெளிய கூப்பிடுவம். மேலதிகாரியிட்ட அவரே முந்திப் போய்ச் சொல்லட்டும், கழிச்ச தாளோட தெரியாமல் கலந்துபோச்சு எண்டு. பிடிபட்ட பிறகு சொல்லுறதும் முதலே சொல்லுறதும் ஒண்டில்லை.”

“சீனன்குடாவுக்குப் போவம்,” என்றாள் இரத்தினேஸ்வரி. “ஆனா அண்ணனைக் கூப்பிட ஏலாது.”

“ஏன்?”

“அது அண்ணனிண்ட எழுத்து இல்லை, மச்சாள்.”

பூரணி தாளை வாங்கிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் எண்களைப் பார்த்தாளே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. சிவகுருவின் ஏழுக்கு நடுவில் எப்போதும் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். இந்த ஏழுகளில் அது இல்லை.

“பின்ன ஆற்ற?”

“குணரத்தினத்திண்ட.”

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி நான்கு வருடமாகிறது. சிவகுருவின் கீழ் வேலை செய்கிற ஆள். மனைவி இறந்து இரண்டு வருடம் கழித்து, தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு வந்து இரத்தினேஸ்வரியைக் கேட்டான். சிவகுரு தேத்தண்ணி கொடுத்து, ‘ஒருத்தியைக் கட்டிப் புதைச்சவனுக்கு என்ர தங்கச்சி இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டான். பிறகு கந்தோரில் இருவரும் படிவங்கள் மூலம்தான் பேசிக்கொண்டார்கள்.

“அவற்ற தாள் எங்கட வீட்டுக்கு எப்படி வந்தது?”

“நான்தான் வாங்கிக்கொண்டு வந்தனான். அண்ணன் கொண்டுவந்தது சித்திரையோட முடிஞ்சுது. நீங்கள் தாள் இல்லை, தாள் இல்லை எண்டு நிண்டனீங்கள். அவரிட்டச் சொன்னன். அவர் ஒரு கட்டுத் தந்தவர். மேலயும் கீழயும் வெறும் படிவம். நடுவில பத்துத் தாள் தப்பி வந்திட்டுது.”

“பத்து?”

“அடுப்புக்குள்ள வைச்சதோட பத்து. அது கணக்குக்கு மேல வைக்கிற முகப்புத் தாள்.”

பூரணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் குசினி வாசலில் இரத்தமில்லாமல் நின்ற முகம் இதுதான். அண்ணனுக்காக ஒருத்தி இவ்வளவு பயப்படுவாளா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்க நேரம் இருக்கவில்லை.

“ஏறுங்க ரெண்டு பேரும்,” என்றார் கலீலுர் றஹ்மான்.

எட்டுத் தாள்களையும் பொடியாகக் கிழித்து வீதியோர வாய்க்காலில் விட்ட பிறகு, சாவடியைத் திரும்பக் கடந்து ஓட்டோ ஓடியது.

“வாசல்ல சும்மா ஆளைக் கூப்பிட மாட்டாங்கள்,” என்றாள் பூரணி. “அவருக்கு நீங்கள் என்ன உறவு எண்டு கேப்பாங்கள். அடையாள அட்டையும் கேப்பாங்கள். நான் எண்டா சிவகுருவிண்ட பெண்சாதி எண்டு சொல்லலாம். குணரத்தினத்தைக் கூப்பிட நீங்கள் ஆரெண்டு சொல்லப்போறீங்கள்?”

இரத்தினேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். உள்மடிப்பைப் பிரித்து, பொலித்தீன் உறையில் வைத்து மடித்த ஒரு பத்திரத்தை எடுத்தாள். பூரணியின் மடியில் வைத்தாள். விவாகப் பதிவுகாரரின் முத்திரை. பங்குனி மாதத் திகதி. இரண்டு பெயர்கள்.

“பல்லுப் பிடுங்க எண்டு கந்தளாய்க்குப் போன அண்டைக்கு,” என்றாள். “பெண்சாதி எண்டுதான் சொல்லுவன், மச்சாள்.”